அடையாள ஆவணப் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், தேசிய அடையாள அட்டை போன்றவற்றின் படத்தை ஓர் இணையதளத்தில் ஏற்றி, அதிலுள்ள பெயரையும் எண்ணையும் பிறந்த தேதியையும் தட்டச்சு செய்யாமலே எழுத்தாகப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் பரவலாகிவிட்டது. இது குறித்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு நான் சொல்லிவரும் விடைகள் இவை. கேட்பவர்களில் பெரும்பாலோர் எந்தக் கருவி நன்றாகப் படிக்கும் என்றுதான் தொடங்குகிறார்கள். படம் யார் கைக்குப் போகிறது, படித்தது சரிதானா என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கில்லை.

படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எப்படிப் படிக்கிறது?

கணினியைப் பொறுத்தவரை படம் என்பது நிறப்புள்ளிகளின் அடுக்குதான். அதில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. ஓசிஆர் என்று பரவலாக அறியப்படும் எழுத்துணரி மென்பொருள், படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றி, சாய்ந்திருந்தால் நிமிர்த்தி, பின்னணியிலிருந்து எழுத்தைப் பிரித்து, வரி வரியாக வெட்டிக்கொண்டு, தான் ஏற்கெனவே பயின்றிருக்கும் வடிவங்களோடு ஒப்பிட்டு, இது இந்த எழுத்தாக இருக்கலாம் என்று ஊகிக்கிறது. ஊகம் என்ற சொல்லை அறிந்தேதான் எழுதுகிறேன். கதையிலோ கட்டுரையிலோ ஓர் எழுத்து பிசகினால் படிப்பவரே சூழலைக் கொண்டு திருத்திப் படித்துவிடுவார். ஆவண எண்ணில் 8 என்பது 3 ஆகிவிட்டால் அதைக் காட்டிக்கொடுக்க முன்னும் பின்னும் எதுவும் இராது.

அடையாள ஆவணங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. போலி தயாரிப்பவர்களைத் தடுப்பதற்காகவே அவற்றில் நூலிழை போன்ற பின்னல் கோடுகளையும், சாய்த்தால் நிறம் மாறும் மையையும், மினுங்கும் ஹாலோகிராம் படலத்தையும் சேர்த்து அச்சிடுகிறார்கள். கள்ளனுக்குப் போட்ட வேலி எழுத்துணரியின் காலிலும் குத்துகிறது. புத்தகப் பக்கத்தைப் பிழையின்றிப் படிக்கும் கருவி, அடையாள அட்டையில் தடுமாறுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

எழுத்துணரி இல்லாமலே எழுத்தைப் பெற முடியுமா?

சில நேரங்களில் முடியும். அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. இணையம் வழியாக நீங்கள் தரவிறக்கிய பிடிஎஃப் வடிவ ஆவணம் என்றால், அதைத் திறந்து எழுத்தின் மேல் சுட்டியை இழுத்துப் பாருங்கள். எழுத்து தேர்வானால் நேரடியாக நகலெடுத்துக்கொள்ளலாம். இதை அறியாமல், பிடிஎஃப் கோப்பைத் திரைப்பிடிப்பு எடுத்து, அந்தப் படத்தைக் கருவியில் ஏற்றி, பிழையோடு எழுத்தைப் பெறுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிப் பதித்த கடவுச்சீட்டு என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. என்எஃப்சி வசதியுள்ள (அருகில் வைத்தாலே சிப்பைப் படிக்கக்கூடிய) கைபேசியில் அதற்கான செயலி இருந்தால், சிப்பிலிருந்தே பெயர், எண், தேதிகள் ஆகியவற்றைப் படித்துவிடலாம். அந்தத் தரவு ஆவணத்தை வழங்கிய அமைப்பின் மின்கையொப்பத்தோடு இருப்பதால், ஊகத்துக்கே இடமில்லை.

இணையக் கருவியில் படத்தை ஏற்றினால் அது எங்கே போகிறது?

'படத்தை இங்கே இழுத்துவிடுக' என்ற கட்டத்தில் நீங்கள் கோப்பை விட்டதும், பெரும்பாலான தளங்களில் அது அந்தத் தளத்தின் சர்வருக்கு, அதாவது வேறொருவரின் கணினிக்கு, நகலாகச் சென்று சேர்கிறது. சில உலாவிகளின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னம், வழியில் யாரும் ஒட்டுப்பார்க்கவில்லை என்பதற்கு மட்டுமே உறுதி. போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்தத் தளம் தானே எழுத்துணரியை இயக்கலாம். அல்லது படத்தை மூன்றாவது நிறுவனம் ஒன்றின் சேவைக்கு அனுப்பி விடையை வாங்கித் தரலாம். இடையில் தற்காலிகக் கோப்புறை, பதிவேடு, காப்புநகல் என்று பல இடங்களில் நகல்கள் தங்கக்கூடும்.

ஓர் அடையாள ஆவணத்தின் படம் சாதாரணப் படத்தைப் போன்றதன்று. முகம், முழுப்பெயர், பிறந்த தேதி, ஆவண எண், சிலவற்றில் முகவரியும் கையொப்பமும் என அனைத்தும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. கடவுச்சொல் கசிந்தால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். பிறந்த தேதியை மாற்ற முடியாது. கைபேசியில் எடுத்த படமாக இருந்தால், எடுத்த நேரமும், இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும்கூடக் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். வீட்டில் எடுத்த படம் என்றால், அட்டையில் முகவரி இல்லாவிட்டாலும் வீட்டின் இடம் கூடவே போகிறது.

ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று தளம் உறுதியளித்தால் போதாதா?

சொன்னபடி அழிக்கும் தளங்களும் இருக்கக்கூடும். ஆனால் வெளியில் இருந்து அதைச் சரிபார்க்க உங்களிடம் வழி எதுவும் இல்லை. தளத்தை நடத்துபவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார், தொடர்புகொள்ள முகவரி உண்டா என்பதுகூட எழுதப்படாத பக்கத்தில் அந்த உறுதிமொழிக்கு மதிப்பு மிகக் குறைவு. தனியுரிமைக் கொள்கையைப் படிக்கப் பொறுமை இருந்தால், 'சேவையை மேம்படுத்த' என்று தொடங்கும் வரியைத் தேடிப் படியுங்கள். ஏற்றிய கோப்புகளைப் பயிற்சித் தரவாக வைத்துக்கொள்ளும் அனுமதி பெரும்பாலும் அந்த வரியில்தான் ஒளிந்திருக்கும்.

கருவி என் கணினிக்குள்ளேயே இயங்குகிறதா என்பதை எப்படி அறிவது?

எளிய சோதனை ஒன்று உண்டு. உலாவியின் தனிச்சாளரத்தில் (வரலாற்றைச் சேமிக்காத இன்காக்னிட்டோ சாளரம்) தளத்தைத் திறந்து, யாருக்கும் பயன்படாத ஏதாவது ஒரு படத்தை முதலில் கொடுத்துப் படிக்கச் செய்யுங்கள். உலாவிக்குள்ளேயே இயங்கும் கருவிகள் முதன்முறை மொழிக்கோப்பை, அதாவது அந்த மொழியின் எழுத்துகளைப் படிக்கத் தேவையான தரவை, தரவிறக்கிக்கொள்ளும் என்பதால் இந்தப் படி தேவைப்படுகிறது. பிறகு இணைய இணைப்பை முழுமையாகத் துண்டித்துவிட்டு, பக்கத்தைப் புதுப்பிக்காமல், இன்னொரு சாதாரணப் படத்தைக் கொடுங்கள். அப்போதும் எழுத்து வந்தால் படிப்பு உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. சுழலும் வட்டமோ பிழைச் செய்தியோ வந்தால் படம் வெளியே போகும் கருவி அது.

சோதனையில் தேறிய தளத்திலும், உண்மையான ஆவணத்தைக் கொடுக்கும்போது இணைப்பைத் துண்டித்துவிட்டே கொடுத்து, எழுத்தை நகலெடுத்து, தனிச்சாளரத்தை மூடிய பிறகே இணைப்பைத் திரும்ப இயக்குங்கள். இணைப்பு கிடைக்கும்வரை காத்திருந்து அனுப்பும்படி ஒரு பக்கத்தை எழுதுவது நிரலாளருக்குக் கடினமான செயலன்று.

அப்படியானால் எதைப் பயன்படுத்தலாம்?

கணினியில் நிறுவிக்கொள்ளக்கூடியவற்றில் டெசராக்ட் பழையது, இலவசமானது. ஹெச்பி நிறுவனத்தில் 1985 முதல் உருவாக்கப்பட்டு, 2005-இல் நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தும்படி திறமூலமாக வெளியிடப்பட்டு, 2006 முதல் கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. 2018-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் நரம்பணி வலைப்பின்னல் முறையில் படிக்கிறது. தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு மொழிக்கோப்புகள் உண்டு. உலாவிக்குள் இயங்கும் தளங்களில் பலவும் இதன் வடிவத்தையே பயன்படுத்துகின்றன.

ஐபோன்களில் 2021 முதல் உள்ள லைவ் டெக்ஸ்ட் வசதி கைபேசிக்குள்ளேயே படித்துவிடும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் தரும் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் உள்ள டெக்ஸ்ட் எக்ஸ்ட்ராக்டரும் அப்படியே. மாறாக, கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸில் திறக்கும் முறை தமிழை நன்றாகவே படித்தாலும், அது உங்கள் கணக்கில் உள்ள ஒரு நகலைக் கொண்டு சர்வரில் நடக்கும் வேலை. பெயர் தெரியாத தளத்தைவிட அது மேல். உங்கள் கணினியைவிட மேல் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஓர் அட்டைதான் என்றால், என் நேர்மையான பரிந்துரை, பார்த்துத் தட்டச்சு செய்துவிடுவதே. பன்னிரண்டு இலக்கங்களைத் தட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிட நல்ல கருவியைத் தேடும் நேரம் கூடுதல்.

கடவுச்சீட்டின் அடியில் கோணக்குறிகளோடு (<) இருக்கும் இரண்டு வரிகள் எதற்கு?

அவை இயந்திரம் படிப்பதற்கென்றே அச்சிடப்பட்டவை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வெளியிட்டுள்ள 9303 என்ற எண்ணுள்ள ஆவணம் அவற்றின் வடிவத்தை வரையறுக்கிறது. கடவுச்சீட்டில் வரிக்கு 44 குறிகளாக இரண்டு வரிகள். அட்டை அளவிலான ஆவணங்களில் வரிக்கு 30 குறிகளாக மூன்று வரிகள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள், 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள், வெற்றிடத்தை நிரப்பும் கோணக்குறி ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் அங்கே வராது. எழுத்துருவும் ஓசிஆர்-பி என்ற ஒன்றே. எழுத்துகளின் இடைவெளியும் மாறாதது.

ஆகவே எழுத்துணரிக்கு மிக எளிதான பகுதி இதுதான். பின்னல் கோடுகள் நிறைந்த மேற்பகுதியைப் படிக்க முயன்று திணறுவதைவிட, படத்தில் அடிப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தால் கடவுச்சீட்டு எண், நாட்டுரிமை, பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய அனைத்தும் ஒழுங்காகக் கிடைக்கும். இரண்டாம் வரியில் முதல் 9 இடங்கள் எண்ணுக்கு, பத்தாவது சரிபார்ப்பு இலக்கத்துக்கு, 11 முதல் 13 வரை நாட்டுரிமைக்கு, 14 முதல் 19 வரை பிறந்த தேதிக்கு, இருபதாவது அதன் சரிபார்ப்பு இலக்கத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம் உண்டு.

சரிபார்ப்பு இலக்கத்தைக் கொண்டு பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாளும் பேனாவும் போதும். இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியையும் 7, 3, 1 என்ற எண்களால் வரிசையாகப் பெருக்கி, மீண்டும் 7, 3, 1 என்று தொடர்ந்து, எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கமே சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகள் வந்தால் ஏ என்பதற்கு 10, பி என்பதற்கு 11 என்று தொடங்கி இசட் என்பதற்கு 35 வரை மதிப்பு; கோணக்குறிக்குச் சுழியம்.

1985 மார்ச் 17 என்ற பிறந்த தேதியை எடுத்துக்கொள்வோம். அது வரியில் 850317 என்று இருக்கும். 8×7=56, 5×3=15, 0×1=0, 3×7=21, 1×3=3, 7×1=7. கூட்டினால் 102. கடைசி இலக்கம் 2. ஆகவே தேதியை அடுத்து 2 அச்சாகியிருக்க வேண்டும். கருவி முதல் இலக்கத்தைத் தவறாக 3 என்று படித்து 350317 என்று தந்திருந்தால் 56-க்குப் பதிலாக 21 வரும், தொகை 67 ஆகும், கடைசி இலக்கம் 7. அச்சிலோ 2 இருக்கிறது. ஏதோ ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். ஓர் இலக்கம் வேறோர் இலக்கமாக மாறும் பிழை ஒன்றே ஒன்று இருந்தால் இந்தக் கணக்கு அதைத் தவறவிடுவதில்லை. 7, 3, 1 ஆகிய மூன்றுக்கும் 10-க்கும் பொதுக் காரணி கிடையாது என்பதே அதன் இரகசியம்.

அது எல்லாப் பிழைகளையும் பிடித்துவிடுமா?

பிடிக்காது. எங்கே விடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது, எங்கே பிடிக்கிறது என்பதைவிட முக்கியம்.

6 என்ற இலக்கமும் ஆங்கிலத்தின் ஜி எழுத்தும் மங்கலான படத்தில் ஒன்றுபோல் தெரியும். ஜி எழுத்தின் மதிப்பு 16. இரண்டுக்கும் வேறுபாடு சரியாக 10 என்பதால், எந்த இடத்தில் வந்தாலும் கடைசி இலக்கம் மாறாது. சரிபார்ப்பு வழுவின்றித் தேறிவிடும். எண்ணில் எழுத்தும் இலக்கமும் கலந்து வரும் ஆவணங்களில் இந்த இணையைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதைவிடத் தந்திரமானது கோணக்குறி. எழுத்துணரிகள் அதை ஆங்கிலத்தின் கே எழுத்தாகப் படிப்பது மிகச் சாதாரணமாக நிகழ்கிறது. கே எழுத்தின் மதிப்பு 20, கோணக்குறியின் மதிப்பு 0. இங்கும் கடைசி இலக்கம் அசையாது. இதற்கு மாறாக, சுழியமும் ஓ எழுத்தும் குழம்பினாலோ, 8-உம் பி எழுத்தும் குழம்பினாலோ, 5-உம் எஸ் எழுத்தும் குழம்பினாலோ கணக்கு உடனே காட்டிக்கொடுக்கும்.

பெயர் வரிக்கு இந்தக் காப்பு இல்லவே இல்லை. கடவுச்சீட்டின் இரண்டாம் வரியின் இறுதியில் ஒரு கூட்டுச் சரிபார்ப்பு இலக்கம் இருந்தாலும், அது எண்ணையும் தேதிகளையும் விருப்பத் தரவையும் (வழங்கும் நாடு விரும்பினால் நிரப்பும் இடங்கள்) மட்டுமே சேர்த்துக் கணக்கிடுகிறது. முதல் வரியில் உள்ள பெயரும், இரண்டாம் வரியில் உள்ள நாட்டுரிமையும் பாலினமும் அதற்குள் வருவதில்லை. எனவே பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது உங்கள் பொறுப்பு. பெயருக்குப் பின்னால் காரணமில்லாமல் கே கே கே என்று வால் நீண்டிருந்தால், மேலே சொன்ன கோணக்குறிகள்தான் அவை.

பெயரும் தேதியும் ஏன் வேறு வரிசையில் வருகின்றன?

கடவுச்சீட்டின் அடியில் உள்ள முதல் வரியில் குடும்பப்பெயர் முன்னால், இரண்டு கோணக்குறிகளுக்குப் பின் இடுபெயர். குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லாதவர்களுக்கு ஒற்றைப் பெயர் மட்டும் இடம்பெற்று, மீதி முழுவதும் கோணக்குறிகளால் நிரப்பப்பட்டிருக்கும். கருவி அதை எந்தக் கட்டத்தில் இடுகிறது என்று கவனிக்க வேண்டும். பெயருக்கு 39 இடங்களே உள்ளதால் நீண்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கலாம். ஆகவே முழுப்பெயரை மேற்பகுதியிலிருந்தே எடுங்கள். தேதியில் ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களே உண்டு. நூற்றாண்டைக் கருவி ஊகிக்கிறது. மேற்பகுதியில் 04/07 என்பது ஏப்ரலா ஜூலையா என்ற ஐயம் எழுந்தால், ஆண்டு, மாதம், நாள் என்ற மாறாத வரிசையுள்ள அடிவரியே தீர்ப்பு.

அடிவரிகளை மட்டும் வெட்டி அனுப்பினால் பாதுகாப்புதானே?

முகமும் கையொப்பமும் போகாது என்ற அளவில் பரவாயில்லை. ஆனால் அதைத் தீங்கற்ற எழுத்துக்கோவை என்று நினைத்துவிடக் கூடாது. சிப் உள்ள கடவுச்சீட்டில், சிப்பைத் திறப்பதற்கான அடிப்படைச் சாவி, ஆவண எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் கொண்டே உருவாக்கப்படுகிறது. சிப்பைப் படிக்கச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் வர வேண்டும் என்பதால் தொலைவிலிருந்து யாரும் அதைத் திறந்துவிட முடியாது. இருந்தாலும் பூட்டையும் சாவியையும் தனித்தனியே வைப்பதுதானே வழக்கம்.

படத்தை எப்படி எடுத்தால் கருவி நன்றாகப் படிக்கும்?

வங்கி அட்டை அளவிலான ஆவணங்கள் 85.60 மில்லிமீட்டர் அகலமும் 53.98 மில்லிமீட்டர் உயரமும் கொண்டவை. எழுத்துணரிக்கு வசதியான அளவு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கொண்டால், முழு அட்டைக்கும் ஏறத்தாழ 1,011-க்கு 638 புள்ளிகள் போதும். இன்றைய கைபேசியின் 12 மெகாபிக்சல் படம் 4,000-க்கு 3,000 புள்ளிகள் கொண்டது. அட்டை அதில் பாதி அகலத்தை நிரப்பினாலே தேவையைப் போல இருமடங்கு கிடைத்துவிடும். எனவே புள்ளிகள் போதாமல் பிழை வருவது அரிது. பளபளப்பும் நடுக்கமும் சாய்வும், அனுப்பும் வழியில் நேரும் சுருக்கமுமே படத்தைக் கெடுக்கின்றன.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் இடத்தில், அட்டையின் நிறத்துக்கு மாறான ஒற்றை நிறப் பரப்பில் வைத்து, கைபேசியை அட்டைக்கு நேர்மேலே இணையாகப் பிடித்து, மிக நெருங்காமல் சற்று உயரத்திலிருந்து எடுங்கள். மினுங்கும் ஹாலோகிராம் எண்ணின்மேல் விழுந்தால், அட்டையைச் சற்றே திருப்பி இரண்டாவது படம் எடுங்கள். ஒன்றில் மறைந்தது மற்றொன்றில் தெரியும். உரையாடல் செயலி வழியாகக் கணினிக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். 6, 8, 9 ஆகியவற்றின் உட்துளைகள் முதலில் அடைபடும்.

சிறிய படத்தைத் தெளிவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆவணங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை இல்லாத கோடுகளைத் தாமே வரைந்து படத்தைக் கூர்மையாக்குகின்றன. மங்கலாகத் தெரிந்த இலக்கம் தெளிவான, ஆனால் தவறான இலக்கமாக மாறிவிடும்.

தமிழில் அச்சான பகுதிகளை ஏன் இவ்வளவு பிழையோடு படிக்கிறது?

முதலில் மொழித் தேர்வைப் பாருங்கள். ஆங்கிலம் மட்டும் தேர்வாகியிருந்தால் தமிழ் வரி பொருளற்ற குப்பையாக வரும். இரு மொழி அட்டைக்கு இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் எஞ்சும் பிழைகள் நம் எழுத்தின் வடிவத்திலேயே பிறப்பவை. கால் எனப்படும் துணையெழுத்தும் ரகரமும் பல எழுத்துருக்களில் ஒரே தோற்றம் கொண்டவை. 'தாரா' என்பது 'தரரர' என்று வருவதற்கு அதுவே காரணம். சிறிய எழுத்தில் மெய்யின் புள்ளி பின்னணிக் கோட்டில் கரைந்துவிடுவதால் 'கண்ணன்' என்பது 'கணணன' ஆகிறது. ஔகாரக் குறியின் பின்பாதி ளகரத்தைப் போலவே இருப்பதால், 'கௌ' என்ற எழுத்து 'கெ' என்றும் 'ள' என்றும் இரண்டாகப் பிரிந்துபோகும்; திரையில் வேறுபாடே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது.

எனக்கு நீண்ட நேரம் பிடிபடாமல் இருந்தது வேறொன்று. ஒரு முறை பெயர்ப்பட்டியலில் ஒரு பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை என்றே வந்தது. கண்ணெதிரே அந்தப் பெயர் இருந்தது. எழுத்துணரி 'க' என்ற எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஒன்றை, அதாவது '௧' என்பதை, இட்டிருந்தது. 'உ' என்பதற்கு '௨', 'எ' என்பதற்கு '௭', 'அ' என்பதற்கு '௮' என்று இந்த இரட்டையர்கள் இன்னும் உண்டு. கிடைத்த எழுத்தில் இந்த எண்களைத் தேடி, ஒரே அடியாக எழுத்துகளாக மாற்றிவிடுவது நல்லது. அடையாள ஆவணங்களில் எண்கள் பெரும்பாலும் 0 முதல் 9 வரையிலான வடிவிலேயே அச்சாவதால், தமிழ் எண் வந்தாலே ஐயப்படலாம்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் படத்தைக் கொடுத்தால் இன்னும் நன்றாகப் படிக்கின்றனவே?

சிதறிய அமைப்புள்ள அட்டையில் எது பெயர், எது முகவரி என்று பிரித்துத் தருவதில் அவை பழைய எழுத்துணரிகளைவிடத் தேர்ந்தவை என்பது உண்மை. ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. பழைய கருவி தெரியாத இடத்தில் உளறும். உளறல் கண்ணில் படும். உரையாடியை இயக்கும் மொழிமாதிரியோ தெரியாத இடத்தைப் பொருத்தமான ஒன்றால் நிரப்பிவிடும். அரைகுறையாகத் தெரியும் ஊர்ப்பெயரை, உண்மையில் இருக்கும் வேறோர் ஊரின் பெயராக அழகாக எழுதித் தரும்; படிப்பவருக்கு ஐயமே எழாது. தெளிவில்லாத எழுத்துக்குக் கேள்விக்குறி இடும்படி சொல்லிப் பார்க்கலாம். அது ஓரளவு உதவும். எண் உள்ள பகுதியைத் தனியாக வெட்டி, வேறொரு கருவியிலும் படிக்கச் செய்து, இரண்டையும் ஒப்பிடுவது அதைவிட நம்பத்தக்கது. இந்தச் சேவைகளில் பெரும்பாலானவை சர்வரில் இயங்குபவை. உங்கள் உரையாடல் வரலாற்றிலும் படம் தங்கும்.

தேவையற்ற பகுதிகளை மறைத்துவிட்டு ஏற்றினால் சரியா?

மறைக்கும் முறையைப் பொறுத்தது. கைபேசியின் வரையும் பேனாவில் மார்க்கர் வகை அரைகுறையாக ஒளி ஊடுருவக்கூடியது. ஒளிர்வைக் கூட்டினால் அடியிலுள்ள எழுத்து மேலே வந்துவிடும். எழுத்தைக் கலங்கலாக்குவதும் கட்டம் கட்டமாகச் சிதைப்பதும் போதாது. எழுத்துரு தெரிந்திருந்தால் மீட்க முடியும். முழுக் கறுப்புச் செவ்வகத்தால் மூடுங்கள்.

வெட்டுவதிலும் ஒரு கதை உண்டு. 2023 மார்ச்சில், கூகுள் பிக்சல் கைபேசிகளின் படத்திருத்தக் கருவியால் வெட்டப்பட்ட கோப்புகளுக்குள் வெட்டி எறிந்ததாக நினைத்த பகுதியின் தரவு எஞ்சியிருப்பதை சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் ஆகிய இருவர் வெளிப்படுத்தினார்கள். அதே வகைக் குறை விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலிலும் இருந்தது தெரியவந்தது. இரண்டும் திருத்தப்பட்டுவிட்டன, திருத்தத்துக்கு முன் பகிர்ந்த படங்கள் அப்படியே இருக்கின்றன. மூடி, வெட்டி முடித்த படத்தைத் திரையில் திறந்து, அதைத் திரைப்பிடிப்பு எடுத்து, அந்தப் புதிய கோப்பை அனுப்புவதே என் வழக்கம். இருப்பிடத் தரவும் அத்தோடு உதிர்ந்துவிடும்.

ஸ்கேன் செய்த நகலோடு ஒப்பிட்டால் போதுமா, அசல் வேண்டுமா?

அசல் வேண்டும். 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில நகலெடுப்பு இயந்திரங்கள் இலக்கங்களையே மாற்றிவிடுவதைக் காட்டினார். கட்டட வரைபடம் ஒன்றில் 21.11, 17.42 என்றிருந்த அறைகளின் பரப்பளவு நகலில் 14.13 என்று வந்தது. கோப்பின் அளவைக் குறைக்க, ஒன்றுபோல் தெரியும் சிறு பகுதிகளை ஒன்றாகவே சேமிக்கும் சுருக்கமுறைதான் காரணம். நகல் தெளிவாகவே இருந்தது. எண் மட்டும் வேறு. கையில் உள்ள அட்டையைப் பார்த்து ஒப்பிடுங்கள், வலமிருந்து இடமாக, இலக்கம் இலக்கமாக. பின்னோக்கிப் படித்தால் கண் பழக்கத்தில் தாவாது.

நிறுவனத்துக்காக நூற்றுக்கணக்கான ஆவணங்களைப் படிக்க வேண்டியிருந்தால்?

இலவசத் தளங்களை முற்றாக மறந்துவிடுங்கள். அது உங்கள் ஆவணமன்று, உங்களை நம்பித் தந்தவருடையது. கணினியில் நிறுவிய மென்பொருளால் தொகுப்பாகப் படித்து, தேவையான புலங்களை மட்டும் வைத்துக்கொண்டு, படங்களை வைத்திருக்கச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். வைத்திருக்காத கோப்பு கசியாது. எழுத்துணரிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் நம்பிக்கை அளவு ஒன்றைத் தருகின்றன. அளவு குறைந்தவற்றை மனிதர் பார்க்கும்படி அமைக்கலாம். ஆனால் முழு நம்பிக்கையோடு தவறாகப் படிப்பதும் உண்டு என்பதால், சரிபார்ப்பு இலக்கம் இல்லாத எண்களையும் எல்லாப் பெயர்களையும் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

ஏற்கெனவே தெரியாத தளம் ஒன்றில் ஏற்றிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பதற வேண்டியதில்லை. தளத்தில் கணக்கு இருந்தால் வரலாற்றிலிருந்து கோப்பை நீக்கி, பிறகு கணக்கையும் நீக்குங்கள். முகவரி இருந்தால் நீக்கக்கோரி எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் எந்த ஆவணத்தை ஏற்றினீர்கள் என்று குறித்துவையுங்கள். பின்னர் உங்கள் பெயரில் யாரேனும் கணக்குத் தொடங்க முயன்றால் அந்தக் குறிப்பு உதவும். உங்கள் விவரங்களை எல்லாம் சரியாகச் சொல்லி, மேற்கொண்டு ஓர் ஒருமுறைக் குறியீடு (ஓடிபி) கேட்கும் அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். விவரம் சரியாக இருப்பதாலேயே அழைப்பவர் உண்மையானவர் ஆகிவிட மாட்டார்.

எழுத்தை எடுத்த பிறகு படத்தை அழித்தால் போதுமா?

அழித்த படம் கைபேசியில் சில வாரங்கள் 'சமீபத்தில் அழித்தவை' என்ற கோப்புறையில் இருக்கும், அங்கிருந்தும் நீக்குங்கள். தானியங்கிக் காப்புநகல் இயங்கினால் மேகச் சேமிப்பிலும், செயலியில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த உரையாடலிலும், கணினியின் தரவிறக்கக் கோப்புறையிலும் நகல் இருக்கும். பலரும் மறப்பது நகலெடுத்த எழுத்தை. விண்டோஸில் கிளிப்போர்டு வரலாறு இயக்கத்தில் இருந்தால் கடைசியாக நகலெடுத்த 25 உருப்படிகள் வரை அதில் தங்கும். சில கைபேசி விசைப்பலகைகளும் அப்படியே வைத்திருக்கும். ஆவண எண்ணை ஒட்டி முடித்ததும் அந்தப் பட்டியலைத் திறந்து, அதற்குரிய உருப்படியை மட்டுமாவது நீக்கிவிடுங்கள்.